மண் கணப்பை வீட்டில் பாதுகாப்பாக எரிப்பது எப்படி: முதல் தீயிலிருந்து கடைசிச் சாம்பல் வரை

என் முதல் மண் கணப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த சாயங்காலம், நல்ல குளிர். முற்றத்தில் நின்ற கணப்பைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. சரி என்று நான்கு தடித்த விறகுகளை அடுக்கி, எடுத்த எடுப்பிலேயே பெரிய தீயாக மூட்டினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். சுள்ளி முறிவது போல 'டக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், வாயின் மேல் உதட்டிலிருந்து கழுத்து வரை தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியே உள்ளே எரியும் தீயின் சிவப்பு தெரிந்தது.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. மேலே காய்ந்து தெரிந்தாலும் சுவருக்குள்ளே தண்ணீர் தங்கியிருக்கும். அது 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. மெல்லச் சூடேற்றினால் ஆவி துளைகள் வழியே கசிந்து வெளியேறிவிடும். அவசரப்படுத்தினால் சுவரைப் பிளந்துகொண்டு போகும். இன்னொரு காரணமும் உண்டு. மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். உள்சுவர் தகித்து விரியும் நேரத்தில் வெளிச்சுவர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். உள்பக்கம் விரிவதால் வெளிப்பக்கம் இழுபடும். மண் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. விரிசல் விழுவது அங்கேதான்.

மண்ணை ஈரமில்லாமல் வைத்து, மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிடுங்கள். புகையும் நெருப்பும் ஆட்களை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

## முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

மண் கணப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று தனியாக நிற்பது: பானை போன்ற வயிறு, முன்னால் திறந்த வாய், மேலே புகை போக ஒரு கழுத்து. மெக்சிகோவிலிருந்து பரவிய இந்த வடிவத்துக்குச் சிமினியா என்று பெயர். புகைபோக்கியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. மற்றது வீட்டுச் சுவரோடு சேர்த்துக் களிமண்ணாலோ செங்கல்லாலோ கட்டி, கூரைக்கு மேல் வரை புகைபோக்கி எழுப்பியது.

முதல் வகையை வீட்டுக்குள் எரிக்கவே கூடாது. ஜன்னல் திறந்துதானே இருக்கிறது, கரி மட்டும்தானே போடப்போகிறேன், கழுத்தில் ஒரு தகரக் குழாயை மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. மூன்று பக்கம் அடைத்த பால்கனி, கூரை போட்ட திண்ணை, கார் நிறுத்தும் கொட்டகை எல்லாமே 'உள்ளே' என்றுதான் கணக்கு. இதில் மட்டும் நான் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மண்ணையும் விறகையும் தீயையும் பற்றிச் சொல்பவை இரண்டு வகைக்கும் பொருந்தும். கட்டிய கணப்புக்கு மட்டும் உரியவற்றைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

## வாங்கும்போது தட்டிப் பாருங்கள்

பானை வாங்குவது போலவேதான். வயிற்றில் விரல் முட்டியால் நாலைந்து இடங்களில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்டது, விரிசல் இல்லாதது. 'டொக்' என்று செத்த ஒலி வந்தால் எங்கோ ஒரு விரிசல் ஒளிந்திருக்கிறது, அல்லது சூளையில் சரியாக வேகவில்லை. அப்புறம் ஒரு டார்ச்சை ஏற்றி வயிற்றுக்குள் வைத்து, இருட்டான இடத்தில் வெளியிலிருந்து பாருங்கள். மெல்லிய விரிசல்கூட ஒளிக்கோடாகத் தெரிந்துவிடும். வயிறும் கழுத்தும் சேரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். பெரும்பாலான கணப்புகள் பலவீனமாக இருப்பது அந்த இடத்தில்தான்.

சுவர் தடிமன் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சூடேறும். நாளடைவில் அந்த எல்லையிலேயே பிளக்கும்.

தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காதீர்கள். ஒரு கை வாய்க்குள், மறு கை அடியில். பெரிதாக இருந்தால் இரண்டு பேர். ஆறாத கணப்பை நகர்த்தவே கூடாது.

## எங்கே வைப்பது

வீட்டுச் சுவர், வேலி, மரம், விறகுக் குவியல் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி வையுங்கள். தலைக்கு மேலே கிளையோ, பந்தலோ, துணிக்கொடியோ, மின்கம்பியோ இருக்கக் கூடாது. கீழே சமமான கல், செங்கல் அல்லது கான்கிரீட் தளம் வேண்டும். மரப்பலகைத் தளத்திலும் காய்ந்த புல்லின் மேலும் வைக்க வேண்டாம். ஒரே ஒரு கங்கு தெறித்தால் போதும். ஆடாமல் நிற்கிறதா என்று கையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். இரும்புத் தாங்கியில் நிற்பதாக இருந்தால் அதன் கால்கள் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா என்பதை அவ்வப்போது கவனியுங்கள். எல்லோரும் மண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். கடைசியில் காலை வாருவது தாங்கியாக இருக்கும்.

கழுத்தின் மேல்வாயில் பொறி தடுக்கும் கம்பிவலை ஒன்று போட்டுவிடுங்கள். உங்கள் பகுதியில் வறண்ட மாதங்களில் திறந்தவெளித் தீக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். காற்று பலமாக அடிக்கும் நாளில் பற்ற வைக்க வேண்டாம்.

## அடியில் மணல் மெத்தை

விறகை நேரடியாக மண்ணின் மேல் போட்டு எரிப்பது கணப்பைக் கொல்வதற்குச் சமம். கனலும் கரிப்படுகை 600 டிகிரியைத் தாண்டிச் சுடும். மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் படிக வடிவம் மாறி, சட்டென்று விரிகிறது. ஆறும்போது அதே புள்ளியில் சட்டென்று சுருங்குகிறது. அடிப்பாகம் ஒவ்வொரு தீக்கும் இந்த ஆட்டத்தை ஆடினால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதனால் உலர்ந்த மணலையோ எரிமலைக் கல்லையோ வாயின் கீழ் உதட்டுக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புங்கள். 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் நல்லது. அதன் மேல் இரண்டு செங்கல் துண்டுகளை வைத்து விறகைச் சற்று உயர்த்தினால் அடியிலிருந்தும் காற்று போகும். ஆற்றிலோ குளத்திலோ எடுத்த கூழாங்கற்களைப் போடாதீர்கள். அவற்றுக்குள் சிக்கியிருக்கும் ஈரம் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறும். கண்ணில் தெறிக்கக்கூடிய ஆபத்து இது.

## புதுக் கணப்பைப் பழக்குவது

புதிதாக வாங்கியதில் சூளைக்குப் பிறகு உறிஞ்சிய ஈரம் இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விரட்ட வேண்டும். நான் செய்யும் முறை இது:

1. மணல் நிரப்பி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள்.
2. முதல் தீ: காகிதமும் கைப்பிடி அளவு சுள்ளியும் மட்டும். எரிந்து தானாக அணையட்டும். முழுக்க ஆறிய பிறகு, முடிந்தால் மறுநாள்தான் அடுத்தது.
3. இரண்டாவது, மூன்றாவது தீ: சுள்ளியோடு பெருவிரல் தடிமனுள்ள குச்சிகள் சில.
4. நான்காவது, ஐந்தாவது: மணிக்கட்டுத் தடிமனில் ஒரு விறகு, பிறகு இரண்டு.
5. ஆறாவது தீயிலிருந்து வழக்கமான அளவு.

முதல் தீயின்போது வெளிச்சுவரைக் கவனித்தால் ஓர் அழகான காட்சி கிடைக்கும். வயிற்றின் நடுவில் ஒரு கருத்த ஈர வட்டம் தோன்றி, மெதுவாக மேலே ஏறி, கழுத்துப் பக்கம் போய் மறையும். உள்ளே இருந்த ஈரம் வெளியேறும் வழி அது. அந்த வட்டம் முழுக்க மறையும் வரை தீயைப் பெரிதாக்காதீர்கள். பல நாள் எரிக்காமல் வைத்திருந்தாலும், மழையில் நனைந்திருந்தாலும், இரண்டாவது படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

## விறகு: பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்

கணப்பு புகைகிறது, கண் எரிகிறது என்று சொல்பவர்களின் விறகைத்தான் நான் முதலில் கேட்பேன். அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டுமே சுமார் 2,260 கிலோ ஜூல் வெப்பம் செலவாகிறது. உங்களுக்கு வர வேண்டிய சூடு தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போய்விடுகிறது. தீயின் வெப்பம் குறைவதால் விறகிலிருந்து கிளம்பும் வாயுக்களும் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. புகை என்பது எரியாமல் போன விறகுதான்.

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்க இரண்டு ஊசி கொண்ட சின்ன மீட்டர் கிடைக்கிறது. விறகின் வெளிப்பக்கத்தில் குத்தி அளக்காதீர்கள். அது பெரும்பாலும் குறைவாகவே காட்டும். ஒரு துண்டைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் குத்திப் பாருங்கள். மீட்டர் இல்லையா, இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று கணீர் ஒலி வந்தால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம். காய்ந்த விறகின் முனைகளில் நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்சத்திரம் போல வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கழன்று வரும், கையில் எடுத்தால் அளவுக்கு எடை குறைவாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை இன்னொன்று: ஒரு துண்டில் அடையாளம் போட்டு, வாரம் ஒரு தடவை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால், அந்த இடத்துக் காற்றில் அதற்கு மேல் அது காயாது.

காய வைப்பதற்குப் பிளந்து அடுக்க வேண்டும். முழுக்கட்டையாகப் போட்டு வைத்தால் பட்டைக்குள்ளேயே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். மரத்தையும் இடத்தையும் பொறுத்து 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஆகும். தார்ப்பாயால் நாலு பக்கமும் சுற்றிக் கட்டினால் விறகு காயாது, பூஞ்சைதான் பிடிக்கும்.

மண் கணப்புக்குக் குட்டையான, மெல்லிய விறகுதான் ஏற்றது. வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை ஒரு கட்டத்தில் எரிந்தபடியே உருண்டு வெளியே விழும்.

இவற்றை எரிக்கவே கூடாது:

- பெயின்ட், வார்னிஷ் அடித்த மரம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.
- கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம். சிலவற்றில் ஆர்சனிக்கும் குரோமியமும் உண்டு. சாம்பலிலும் அது தங்கும்.
- பிளைவுட், துகள்பலகை. அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும்.
- பிளாஸ்டிக், தெர்மாகோல், பளபளப்பான அச்சுக் காகிதம்.
- கடலில் மிதந்து கரை ஒதுங்கிய மரம். அதில் ஊறிய உப்பு நச்சுப் புகையைத் தரும்.
- அரளி. அதன் எல்லாப் பாகமும் விஷம், புகையும் அப்படித்தான்.

## தீ மூட்டுவது

பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். திரவத்தின் ஆவி பற்றினால் வாய் வழியே உங்கள் முகத்தை நோக்கித்தான் தீ பாயும். மண் அதை உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை தீக்குச்சி கிழிக்கும்போது அது ஞாபகம் வரும்.

நம்மில் பலரும் அடியில் காகிதம், அதற்கு மேல் சுள்ளி, அதற்கு மேல் விறகு என்று அடுக்கிப் பழகியிருக்கிறோம். இதைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். செங்கல் துண்டுகளின் மேல் இரண்டு விறகுகளைச் சற்று இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் குச்சிகள், உச்சியில் சுள்ளியும் சிராயும். உச்சியில் பற்ற வையுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும். கீழே விறகு மெல்லச் சூடாகி விடும் வாயு, மேலே எரியும் சுடரைக் கடந்துதான் போக வேண்டும். அதனால் அதுவும் எரிந்துவிடுகிறது. புகை கண்கூடாகக் குறையும். அதோடு தீ தானாகவே மெதுவாக வளர்கிறது. மண்ணுக்கு வேண்டியதும் அதுதானே.

கழுத்து குளிர்ந்திருந்தால் முதலில் புகை முன்வாய் வழியே திரும்பி வரலாம். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி, கழுத்தின் அடியில் அரை நிமிடம் காட்டுங்கள். உள்ளே காற்று சூடாகி மேலே ஏறத் தொடங்கியதும் புகை பின்னாலேயே போகும்.

முதல் இருபது நிமிடம் பொறுமையாக இருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டாகச் சேர்க்கலாம். வயிற்றின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விறகு வேண்டாம். கழுத்துக்கு வெளியே சுடர் எட்டிப் பார்த்தால் தீ அளவு மீறிவிட்டது என்று பொருள். விறகு போடுவதை நிறுத்திவிட்டு, தணியும் வரை காத்திருங்கள். விறகை எறியாமல், இடுக்கியால் மெதுவாக வையுங்கள். எறிந்த கட்டை பின்சுவரில் மோதிக் கணப்பு உடைந்ததுண்டு.

## எரியும் நேரத்தில்

கணப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்கு யாரும், எதுவும் வேண்டாம். தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டால் குழந்தைகளுக்கு நன்றாகப் புரிகிறது. வெளிச்சுவர் கருஞ்சிவப்பாக மாறாது, ஒளிராது. பார்க்க ஆறியது போலவே இருக்கும், தொட்டால் தோல் உரிந்துவிடும். பெரியவர்களேகூட இதில் ஏமாந்துபோகிறார்கள். துப்பட்டா, முந்தானை, தொளதொளப்பான சட்டைக் கைகளைச் செருகிக்கொள்ளுங்கள். நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே நல்லது.

ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். மணல் கணப்புக்குள் போட. தண்ணீர் வெளியே தெறிக்கும் பொறிக்கு. தீ எரியும்போது ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். 'இதோ வந்துவிடுகிறேன்' என்று உள்ளே போவதும் கூடாது.

வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அவர்களைக் காற்று வரும் பக்கமாக, தள்ளி உட்கார வையுங்கள். விறகுப் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் அடி வரை போகும். பி.எம். 2.5 எனப்படும் இந்தத் துகள்கள் ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. புகையும் கணப்பின் பக்கத்தில் அந்த அளவைத் தாண்ட வெகு நேரம் ஆகாது. கழுத்திலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப அலையாக இருந்தால் நன்றாக எரிகிறது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புகை தொடர்ந்து வந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை.

## அணைப்பது

சூடான மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. உள்சுவர் சட்டென்று சுருங்கி அப்படியே பிளந்துவிடும். ஆவி உங்கள் கையைப் பதம் பார்க்கும். படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். கங்குகளை இடுக்கியால் பரப்பிவிட்டு, மேலே உலர்ந்த மணலைத் தூவி மூடுங்கள். அவசரம் வந்தாலும் மணல்தான்.

ஆறும் வரை கணப்பின் மேல் உறை போடாதீர்கள். கழுத்தை அடைக்கவும் வேண்டாம்.

## சாம்பல்

கட்டிய கணப்பானாலும் நிற்கும் கணப்பானாலும் தீ விபத்துகள் தொடங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சாம்பல் வெப்பத்தை விடாது. அதற்குள் புதைந்த கங்கு நாலு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். மேலே சாம்பல் நிறம், கைக்குக் குளிர்ச்சி, உள்ளே சிவப்பு. அதைப் பிளாஸ்டிக் வாளியிலோ அட்டைப்பெட்டியிலோ குப்பைப் பையிலோ கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மூடி, வீட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கல்தரையில் வைத்து நாலு நாள் கழித்தே கொட்டுங்கள்.

வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். ஈரமான சாம்பல் காரத்தன்மை உடையது, கையை அரிக்கும். அள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்தேற்றாத விறகின் சாம்பலைச் செடிகளுக்குக் கொஞ்சமாகத் தூவலாம், பொட்டாசியமும் சுண்ணாம்பும் கிடைக்கும். ஆனால் அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு ஆகாது. கணப்புக்குள்ளேயே சாம்பலை நெடுநாள் விட்டுவைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும்.

## சுவரோடு கட்டிய கணப்பு இருந்தால்

மண் பராமரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே உயிரைக் காப்பது புகைபோக்கி.

புகை மேலே ஏறும்போது குளிர்ந்து, சுமார் 120 டிகிரிக்குக் கீழே போனால், அதிலுள்ள எரியாத வாயுக்கள் குழாயின் உள்சுவரில் கிரியோசோட் என்ற கறுப்புப் பிசினாகப் படியும். முதலில் துடைத்தால் வரும் கரித்தூளாக இருக்கும். அப்புறம் மொறமொறப்பான செதில், கடைசியில் கண்ணாடி போல இறுகிய தார். இந்தக் கடைசி வகையைச் சாதாரணத் தூரிகையால் எடுக்கவே முடியாது. அதில் தீ பிடித்தால் குழாய்க்குள் 1,000 டிகிரியைத் தாண்டலாம். ரயில் ஓடுவது போல உறுமல் கேட்டால், உள்ளே இருப்பவர்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள். எரிந்து ஓய்ந்த பிறகும், ஆள் வைத்துச் சோதிக்காமல் மறுபடி அந்தக் கணப்பை எரிக்காதீர்கள்.

படிவு 3 மில்லிமீட்டர் சேர்வதற்குள் சுத்தம் செய்துவிட வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் எண் தரநிலை ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சோதிக்கச் சொல்கிறது. எந்த ஊரானாலும் இது நல்ல பழக்கம். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து புகைபோக்கி குறைந்தது 90 சென்டிமீட்டர் உயர வேண்டும். 3 மீட்டர் தூரத்துக்குள் கூரையின் வேறு பகுதியோ சுவரோ இருந்தால் அதைவிட 60 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று புகையை உள்ளே திருப்பிவிடும். மேலே பறவை கூடு கட்டியிருக்கிறதா என்பதைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கணப்பு எப்போதும் அறைக்குள் புகைந்தால் அதன் வடிவமே தவறாக இருக்கலாம். கவுண்ட் ரம்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் 1796இல் எழுதிய கட்டுரையில், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் தொண்டையைக் குறுக்கச் சொன்னார். வெப்பம் அறைக்குள் கூடவும் புகை சீராக மேலே போகவும் இன்றைக்கும் அந்த வடிவத்தில் கட்டுகிறார்கள்.

இனி கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறக்கம், குமட்டல் என்று தொடங்கி, தூக்கம் போலவே ஆளைச் சாய்த்துவிடும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பலர் நினைப்பதற்கு மாறாக, சுடர் இல்லாமல் அமைதியாகக் கனலும் கங்குதான் இதை அதிகம் தரும். எனவே இரவில் கங்கு இருக்கும்போதே புகைபோக்கியின் அடைப்புத் தகட்டை மூடக் கூடாது. மிஞ்சிய கங்கைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தை ஒவ்வொரு தளத்திலும், தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரும் வெளியே போய், அங்கிருந்தே உதவிக்கு அழையுங்கள்.

## ஈரமும் விரிசலும்

மழைக்காலத்தில் நிற்கும் கணப்பைக் கூரைக்கடியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். உறை போட்டால் காற்று புகும் துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றினால் உள்ளேயே வியர்த்து, மண் அதையும் குடித்துவிடும். பனி உறையும் இடங்களில் இது இன்னும் முக்கியம். துளைக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது விரிந்து, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும்.

ஈரம் தடுக்கும் பூச்சு வெளிப்புறத்துக்கு மட்டும். வெப்பம் தாங்கும் என்று குறிப்பிட்ட வகையாக இருக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த, முழுக்க ஆறிய மண்ணில் பூசுங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை போதும். பூச்சு இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆறிய சுவரில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக உருண்டால் நல்லது. மண் கருத்து உறிஞ்சினால் மறுபடி பூச வேண்டும். உள்ளே எதுவும் பூச வேண்டாம். பூசினால் எரிந்து புகையும், ஆவி வெளியேறும் வழியும் அடைபடும்.

மெல்லிய விரிசலை அடைக்க வெப்பம் தாங்கும் தீச்சிமென்ட் வேண்டும். கட்டட வேலைக்கு வாங்கும் சாதாரண சிமென்ட் சூட்டில் வலுவிழந்து உதிரும். விரிசலைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூசி போக்கி, ஈரத் துணியால் ஒற்றி, தீச்சிமென்ட்டை ஆழமாக அழுத்தி நிரப்பிச் சமப்படுத்துங்கள். குறைந்தது ஒரு நாள் காயட்டும். அப்புறம் பழக்கும் முறையில் சொன்ன சின்னத் தீக்களை மறுபடி ஒவ்வொன்றாக எரியுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடு போட்டு வையுங்கள். அடுத்த மாதம் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

## கையில் சுட்டுக்கொண்டால்

உடனே குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு, மை எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்குள் கழற்றுங்கள். பிறகு சுத்தமான ஈரமில்லாத துணியால் தளர்வாக மூடலாம். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ இருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தை என்றால் சின்னக் காயத்துக்கும் காட்டுவது நல்லது. உடையில் தீ பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் விழுந்து உருள வேண்டும்.

## எப்போது விட்டுவிட வேண்டும்

கழுத்தைச் சுற்றி வளையமாக ஓடும் விரிசல், வாயிலிருந்து அடி வரை இறங்கிய விரிசல், டார்ச் வெளிச்சம் தெரியும் விரிசல் நீண்டுகொண்டே போவது, தட்டினால் எங்கும் செத்த ஒலி: இவற்றில் எது வந்தாலும் அந்தக் கணப்பில் தீ மூட்ட வேண்டாம். எரியும்போது கழுத்து கழன்று விழுந்தால் கங்கு மொத்தமும் வெளியே கொட்டும். என் முதல் கணப்பை நானும் இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை பென்சில் கோட்டை விரிசல் இரண்டு விரல் தாண்டியிருந்தது. கழுத்தைத் தட்டி எடுத்துவிட்டு, வயிற்றில் மண் நிரப்பி ஒரு செடி வைத்தேன்.